ஒரு மலையின் பஞ்சாங்கம்

தென்மேல் பருவப்பெயர்ச்சி எப்போது மழை தரும் என்று கேட்டால், மே முதல் செப்டெம்பர் வரை என்று எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். பதில் சரி, புள்ளியும் கிடைக்கும். ஆனால் அந்தப் பிள்ளை பதுளையிலோ பசறையிலோ இருந்தால், ஜூலை மாதத்தில் ஜன்னலுக்கு வெளியே தெரிவது வேறு. தோட்டத்து ரோட்டில் லொறி போனால் புழுதி எழும்புகிறது. பத்தனாப் புல்வெளி காய்ந்து பழுப்பாகிக் கிடக்கிறது. பீலியில் தண்ணீர் மெலிந்து, குடம் நிறைய நேரமாகிறது. புத்தகம் மழை என்கிறது. மலை வெயில் என்கிறது. இரண்டில் எது பொய்?

இரண்டும் பொய் இல்லை. தென்மேற்கிலிருந்து வரும் காற்று முதலில் அட்டன், நுவரெலியாப் பக்கத்து மலைகளில் முட்டி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து, கொண்டுவந்த நீரை அங்கேயே கொட்டிவிடுகிறது. மலைமுகட்டைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது அதில் ஈரம் மிச்சமில்லை. இறங்கும் காற்று அமுக்கப்பட்டுச் சூடாகவும் ஆகிறது. கச்சான் என்று நம்மவர்கள் சொல்லும் அந்த வறண்ட காற்றுதான் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் ஊவாவின் கொழுந்தை வாட்டுகிறது. அப்படி வாடும் செடி, தன் வாசனைப் பொருட்களைக் கூட்டிக்கொள்கிறது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தந்த அந்த இலேசான புதினா போன்ற மணம், இந்தக் காற்றுக் காலத்துக் கொழுந்தில்தான் வருகிறது. நமக்கு மழை வேண்டுமென்றால் ஒக்டோபர், நவம்பர், டிசெம்பர் வரை காத்திருக்க வேண்டும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை என்றால் அடைமழை என்றும், ஆடி என்றால் காற்று என்றும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். தமிழ்நாட்டிலிருந்து கோப்பிக் காலத்தில் நடந்து வந்தவர்களோடு வந்து சேர்ந்த சொல் அது. அட்டன் பக்கம் இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே ஆனி, ஆடியில்தான் கொட்டும். ஊவாவில் அப்படியே பொருந்துகிறது. காரணம் எளிது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பின்னால் மழைமறைவில் இருக்கிறது. நாமும் மத்திய மலைநாட்டுக்குப் பின்னால் அதே மறைவில் இருக்கிறோம். ஒரே காற்று, ஒரே விதி.

ஆக, நமக்கு முன்னால் இரண்டு கணக்குகள் இருக்கின்றன: பாடப்புத்தகத்தின் கணக்கு, பாட்டன் பூட்டனின் கணக்கு. இரண்டும் உங்கள் தோட்டத்தை, உங்கள் லயத்துக்குப் பின்னால் உள்ள கானை, உங்கள் வாசல் முருங்கையைப் பார்த்து எழுதப்பட்டவை அல்ல. அந்த மூன்றாவது கணக்கை எழுத வேண்டியவர் நீங்கள்தான். அதற்கு ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். படம் வரைந்து, தேதி போட்டு, சுற்றுப்புறத்தில் கண்டதை எழுதிவைக்கும் இந்த இயற்கைக் குறிப்பேடு, உங்கள் மலைக்கு நீங்களே கணிக்கும் பஞ்சாங்கம். எப்படிச் செய்வது என்பதை அவசரமில்லாமல் சொல்கிறேன். தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள்.

முன்னே செய்தவர்கள்

இது வெள்ளைக்காரப் பொழுதுபோக்கு என்று நினைக்கத் தேவையில்லை. பேராதனைப் பூங்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் தாவரங்களை வரைந்தவர் ஹர்மானிஸ் த அல்விஸ் என்ற இந்த நாட்டுக்காரர். அவருடைய மகன்கள் வில்லியமும் ஜோர்ஜும் அப்பாவின் வழியில் வந்தார்கள். 1880 முதல் 1887 வரை வெளிவந்த பிரெடரிக் மூரின் இலங்கை வண்ணாத்திப்பூச்சி, அந்துப்பூச்சி நூல் தொகுதிகளுக்கு ஆதாரம் அந்தக் குடும்பத்தின் படங்கள். பூச்சியை மட்டும் வரையாமல், அதன் புழுவையும் கூட்டுப்புழுவையும் சேர்த்து வரைந்தார்கள்.

பிறகு ஜி. எம். ஹென்றி. 1891 இல் கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தோட்ட முகாமையாளர் ஒருவரின் பிள்ளையாகப் பிறந்தவர். 1910 இல் கொழும்பு நூதனசாலையில் படம் வரைபவராகச் சேர்ந்தார். 1955 இல் வந்த அவருடைய இலங்கைப் பறவைகள் வழிகாட்டியில் எழுத்தும் படமும் அவருடையவையே. பார்த்தவரே வரைந்து, வரைந்தவரே எழுதியதால்தான் அந்தப் புத்தகத்தில் ஒரு குருவி எப்படி நிற்கும், எப்படித் தலையைச் சாய்க்கும் என்பதுகூடத் தெரிகிறது.

தமிழ் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய பெயர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912 இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்த பைசனிடம் படித்தவர். நீலகிரி, பழனி மலைத் தாவரங்களைப் பற்றி பைசன் எழுதிய நூலுக்குப் படம் வரைந்தவர்களில் பைசனின் மனைவியும் ஒருவர். அந்த அம்மையாரிடமிருந்து கிருஷ்ணன் நீர்வண்ணம் கற்றுக்கொண்டார். 1950 முதல் 1996 இல் இறக்கும்வரை கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கைப் பத்தி எழுதினார். அவர் கையால் வரைந்த கோட்டோவியங்கள் கூடவே வந்தன. யானையையும் புலியையும் நேரில் கண்டவர்தான். ஆனாலும் காகம், அணில், பல்லி, ஆடு என்று வீட்டைச் சுற்றி இருப்பவற்றை எழுதுவதில் அவருக்குச் சலிப்பே வரவில்லை. பார்க்க வேண்டியது எங்கேயோ தூரத்தில் இருக்கிறது என்ற எண்ணத்தை அவர் எழுத்து உடைத்துவிடும்.

ஊவாவுக்கே சொந்தமான கதை ஒன்றும் உண்டு. அது கொஞ்சம் கசப்பானது. 1869 இல் மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பித் தோட்டமொன்றில், இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் பொடி படிந்திருப்பது கண்ணில் பட்டது. பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளர் துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சண ஆய்வாளர் பேர்க்லி பரிசோதித்து, அதே ஆண்டு அதற்கு ஹெமிலியா வாஸ்டட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். அதுதான் கோப்பித் துரு. இருபது ஆண்டுக்குள் இலங்கையின் கோப்பி அழிந்து, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. துருவை ஆராய 1880 இல் வந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்ட், பிசுபிசுப்பான திரவம் தடவிய கண்ணாடித் துண்டுகளைக் காற்றில் வைத்துத் துருவின் வித்துகளைப் பிடித்தார். நோய் காற்றிலே பரவுகிறது என்று காட்டினார். இதையெல்லாம் தொடக்கிவைத்தது ஆய்வுகூடம் இல்லை. நேற்று இலையின் அடி எப்படி இருந்தது என்று தெரிந்த ஒரு கண்தான், இன்று அது மாறியிருப்பதைப் பிடித்தது. குறிப்பேட்டின் வேலையே அந்தக் கண்ணைப் பழக்குவதுதான்.

முதல் பக்கம்: தேயிலை

எதை முதலில் வரைவது என்று பலரும் கேட்பார்கள். எந்நாளும் பார்க்கும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். தேயிலை இலையை, செடியைப் பார்க்காமல், மனதிலிருந்து வரைந்து பாருங்கள். விளிம்பில் பற்கள் உண்டா? பக்க நரம்புகள் விளிம்புவரை போய் முட்டுகின்றனவா, இல்லையா? தேயிலைக்கு நடுவே பிறந்து வளர்ந்தவர்களே இங்கே தயங்குவார்கள். பிறகு ஒரு முற்றின இலையைக் கிள்ளி வந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விளிம்பில் நுண்ணிய பற்கள் இருக்கும். பக்க நரம்புகள் விளிம்பைத் தொடுவதற்கு முன்பே வளைந்து, மேலே உள்ள அடுத்த நரம்போடு சேர்ந்துகொள்ளும். ஆயிரம் தடவை கையில் பட்டதை இப்போதுதான் பார்த்திருக்கிறீர்கள்.

அடுத்த பக்கத்துக்கும் தூரம் போக வேண்டாம். பழைய விதைத் தேயிலை மலை ஒன்றும் வீ.பி. மலை ஒன்றும் பக்கத்தில் இருந்தால், இரண்டிலும் அடுத்தடுத்து நிற்கும் ஐந்து செடிகளில் ஒவ்வோர் இலை எடுத்து வரிசையாக வரையுங்கள். வீ.பி. இலைகள் ஐந்தும் ஒன்றை ஒன்று பார்த்து எழுதினாற்போல் இருக்கும். அவை ஒரே தாய்ச்செடியின் தண்டுத் துண்டுகளிலிருந்து வந்தவை. விதைத் தேயிலை இலைகளில் ஒன்று நீளம், ஒன்று அகலம், ஒன்று கரும்பச்சை, ஒன்று மஞ்சள் கலந்த பச்சை. தேயிலைப் பூவில் மகரந்தம் வேறு செடியிலிருந்து வருவதால், ஒவ்வொரு விதையும் புதுக் கலவை. மரபியல் பாடத்தில் படிப்பது உங்கள் மலையில் வரிசையாக நிற்கிறது.

தேயிலைப் பூவையும் தேடுங்கள். கவ்வாத்து வெட்டி, வாராவாரம் கொழுந்து எடுக்கும் செடியில் அது அரிது. கைவிட்டு மரமாகிப்போன தேயிலையில் தாராளமாகக் கிடைக்கும். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் கேசரக் கூட்டம், தலை கவிழ்ந்த பூ.

"எனக்குச் சித்திரம் வராதே"

பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் இதையெல்லாம் சொன்னபோது, "எனக்குச் சித்திரமே வராதே, மாமா. போன்ல படம் புடிச்சா போதாதா?" என்று கேட்டாள். ஞாயமான கேள்விதான்.

போனில் எடுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் கமெரா எல்லாவற்றையும் ஒரே நொடியில் எடுத்துக்கொள்ளும், உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காது. பென்சில் கேட்கும். கொண்டைக்குருவியைத் தெரியாதவர் இல்லை. வாலடியில் சிவப்பு இருக்கும் என்றும் தெரியும். வரையத் தொடங்கினால்தான் கேள்வி வரும்: அந்தச் சிவப்பு வாலிலா, வாலுக்கு முன்னால் வயிறு முடியும் இடத்திலா? வால்நுனி என்ன நிறம்? பதில் தெரியாமல் பென்சில் நிற்கும். அடுத்த தடவை குருவி வந்து கொய்யா மரத்தில் உட்காரும்போது கண் நேரே அந்த இடத்துக்குப் போகும். சிவப்பு வாலுக்கு அடியில், வால்நுனி வெள்ளை. படம் அழகாக வந்ததா என்பது இங்கே கணக்கில்லை. அது உங்களை எத்தனை தடவை திரும்பிப் பார்க்க வைத்தது என்பதுதான் கணக்கு.

கை பழக மூன்று வழிகளைச் சொல்கிறேன்.

இலை என்றால், முதலில் நடுநரம்பை ஒரு கோடாகப் போடுங்கள். நீளத்தை அளந்து சென்ரிமீற்றரில் எழுதுங்கள். எந்த இடத்தில் ஆக அகலம் என்று குறியுங்கள்: அடியிலா, நடுவிலா, நுனிப் பக்கமா? பிறகுதான் விளிம்பு. தண்டில் இலைகள் சோடி சோடியாக எதிரே நிற்கின்றனவா, மாறி மாறி நிற்கின்றனவா என்பதைச் சின்னக் கோட்டுப்படமாகப் பக்கத்தில் போடுங்கள். பின்னால் பேர் தேடும்போது பூவின் நிறத்தைவிட இது உதவும்.

பறவை என்றால் அது நிற்காது. முட்டை வடிவம் ஒன்று போடுங்கள். அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது போதும். தலை, வால், அலகு மூன்றையும் ஒவ்வொரு கோட்டால் சேருங்கள். அலகு தலையைவிட நீளமா குட்டையா, வால் உடலைவிட நீளமா? நிறத்தை எழுத்தில் எழுதி அம்புக்குறி போடுங்கள். வர்ணப் பென்சில் இல்லாவிட்டாலும் வேலை ஓடும்.

மலை என்றால், உங்கள் வாசலில் நின்று கிழக்குப் பக்கத்து மலைவிளிம்பை ஒரே கோட்டில் வரையுங்கள். பெரிய மரம், கோவில், டவர், பள்ளம் எல்லாவற்றையும் குறியுங்கள். மாதம் ஒரு தடவை, அதே இடத்தில் நின்று, சூரியன் எந்தப் புள்ளியில் எழுகிறது என்று அந்தக் கோட்டின் மேல் தேதியோடு புள்ளி வையுங்கள். ஜூன் கடைசியிலும் டிசெம்பர் கடைசியிலும் வைத்த புள்ளிகளுக்கு நடுவே ஏறத்தாழ 47 பாகை இருக்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. ஆக, கிட்டத்தட்ட ஐந்து முஷ்டி தூரம் சூரியன் நடந்திருக்கிறது. உத்தராயணம், தட்சிணாயனம் என்று பஞ்சாங்கத்தில் வாசிப்பது இப்போது உங்கள் மலைவிளிம்பில் இருக்கிறது.

கண்டது, கேட்டது, ஊகம்

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் நான்கு விவரங்கள் கட்டாயம்: தேதி, நேரம், இடம், வானிலை. தேதியில்லாத அழகான படம் சுவரில் மாட்டத்தான் உதவும். தேதியுள்ள கோணல் படம் அறிவுக்கு உதவும். அமெரிக்க எழுத்தாளர் தோரோ 1850களில் கொன்கோர்ட் என்ற சிற்றூரில் எந்தப் பூ எந்நாள் பூத்தது என்று குறித்துவைத்தார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு விஞ்ஞானிகள் அதே ஊரில் அதே பூக்களைத் தேடிப்போய், அவை முந்திப் பூக்கின்றன என்று கண்டார்கள். பூமி சூடாவதை அந்தப் பழைய தேதிகள் காட்டிக்கொடுத்தன.

எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாளம் போடுங்கள். உங்கள் கண்ணால் பார்த்தது என்றால் "க". யாரோ சொன்னது என்றால் "கே". நீங்களாக நினைத்தது என்றால் "ஊ". இந்த மூன்றையும் குழப்பாமல் இருந்தால் கொப்பி நம்பத்தக்கதாக ஆகிவிடும்.

"கே" என்ற வரியை இளக்காரமாக நினைக்க வேண்டாம். தோட்டத்தின் மழைக்கணக்கு, விளைச்சல் கணக்கு எல்லாம் ஒபிஸ் புத்தகங்களில் இருந்தன. எந்தப் புல்லை மாடு தின்னாது, எந்த இலையை அரைத்துக் காயத்துக்குக் கட்டுவது, எந்தக் குருவி கத்தினால் பொழுது சாயும் என்ற கணக்கு லயத்து இஸ்தோப்பில் வாயோடு வாயாக இருந்தது; அதை யாரும் பேரேட்டில் ஏற்றவில்லை. அப்பாயியும் அம்மாயியும் சொல்வதை அப்படியே, அவர்கள் வாய்ச்சொல்லிலேயே எழுதுங்கள். கூடவே அந்தச் செடியை வரையுங்கள். ஒரு தோட்டத்துப் பேர் அடுத்த தோட்டத்தில் மாறும். படம் இருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்துவிடும். பேரே தெரியாவிட்டாலும் கவலை இல்லை. "பீலிக்கரை நீலப்பூ" என்று எழுதிவையுங்கள். சரியான பேர் பிறகு வந்து சேரும்.

சொல்லை எழுதியதோடு நிறுத்தாமல் சோதிக்கவும் செய்யலாம். தட்டான் தாழப் பறந்தால் மழை என்பார்கள். தாழப் பறந்த நாட்களை ஒரு பக்கம் குறியுங்கள். அன்றோ மறுநாளோ மழை வந்ததா என்று எதிரே குறியுங்கள். தாழப் பறந்தும் மழை வராத நாளையும், பறக்காமலே மழை வந்த நாளையும் விடாமல் எழுத வேண்டும். ஒரு மழைக்காலம் போனால் அந்தச் சொல் உங்கள் ஊரில் எவ்வளவு தூரம் நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஊவாவின் ஓர் ஆண்டு

எதைத் தேடுவது என்று தெரியாமல் தடுமாறுவோருக்கு ஒரு சுற்று.

செப்டெம்பர் அளவில் ஓடைக்கரையையும் தோட்டத்து ரோட்டையும் கவனியுங்கள். மேலே சாம்பல், அடியில் மஞ்சள், ஓயாமல் மேலும் கீழும் ஆடும் நீள வால்: சாம்பல் வாலாட்டி. வடக்கே, இமயத்துக்கும் அப்பாலிருந்து வந்து, ஏப்ரல் அளவில் திரும்பிப் போகும். முதலில் கண்ட நாளும் கடைசியாகக் கண்ட நாளும் முக்கியம். அதே பருவத்தில் ஆறுமணிக்குருவியும் இந்தியாவிலிருந்து வரும். விடியும்போதும் பொழுது சாயும்போதும் இரண்டு சுரத்தில் சீட்டி அடித்தாற்போல் கூப்பிடும். பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். கேட்டதையும் "க" என்றே எழுதலாம், காதும் சாட்சிதான்.

ஐப்பசி மழை தொடங்கினால் ஈசல் எழும் மாலையைக் குறியுங்கள்: என்ன தேதி, எத்தனை மணி, முந்திய நாள் மழை பெய்ததா? அந்த நேரம் எந்தெந்தப் பறவை வந்து பிடித்துத் தின்கிறது? மழைக்குப் பின் ரோட்டோரக் காட்டுச் சூரியகாந்தி மஞ்சளாக விரியும். மெக்சிக்கோப் பக்கத்திலிருந்து வந்த செடி, இன்று தேயிலைக்குப் பசளையாக வெட்டிப் போடப்படுகிறது. உங்கள் பக்கத்தில் எது வந்தேறி, எது பூர்வீகம் என்று ஒரு பட்டியல் தொடங்க இது நல்ல சாக்கு. நிழலுக்கு நட்ட சவுக்கு, அதாவது கிரவில்லியா, அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. யூகலிப்டசும் அங்கிருந்துதான். தேயிலையே வந்தேறி. நெல்லி, கடுக்காய், தான்றி மூன்றும் ஊவாவின் காய்ந்த புல்வெளிகளில் பூர்வீகமாக நிற்பவை. தீ வந்து போனாலும் தாக்குப்பிடிக்கும் தடித்த பட்டை அவற்றுக்கு உண்டு.

மாசி, பங்குனியில் வெள்ளையும் மஞ்சளுமாக வண்ணாத்திப்பூச்சிகள் கூட்டமாக ஒரே திசையில் போவதைக் காண்பீர்கள். அவை சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகின்றன என்பது இந்த நாட்டில் எல்லா இனத்தாரும் சொல்வது. உங்கள் வாசலைக் கடந்தவை எந்தத் திசைக்குப் போயின என்று மலைவிளிம்புப் படத்தில் அம்புக்குறி போடுங்கள். ஐந்து நிமிடத்தில் எத்தனை கடந்தன என்று எண்ணுங்கள். முள்முருங்கை இலை உதிர்த்துச் செம்பூ பூப்பதும், குயில் கூவத் தொடங்குவதும் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னோடி. இரண்டுக்கும் தனித்தனியே முதல் நாளைக் குறியுங்கள்.

ஆனி முதல் ஆவணிவரை காற்றின் பக்கங்கள். கச்சான் முதலில் அடித்த நாள், கொழுந்து குறைந்த வாரம், மானாப் புல்வெளி தீப்பிடித்த நாள். எரிந்த சரிவு கருகிக் கிடக்கும்போதே வரையத் தொடங்கி, முதல் பச்சை முளை எத்தனையாம் நாளில் வந்தது என்று பாருங்கள்.

குளவிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். குளவி என்று தோட்டத்தில் சொல்வதில் பாதி, பெரிய மரத்திலும் பாறையிலும் ஒற்றை அடையாகத் தொங்கும் பெருந்தேனீ. அது ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் இருப்பதில்லை, பூக்காலத்தைப் பின்தொடர்ந்து இடம் மாறும். எந்த மரத்தில் எந்த மாதம் வந்து எப்போது போகிறது என்று தூரத்தில் நின்று குறித்த கொப்பி, அந்த மலையில் கொழுந்தெடுக்கப் போகும் பெண்களுக்குப் பெரிய உதவி. கிட்டப் போய் வரைய வேண்டாம்.

மழையை அளப்பது, மண்ணைப் பார்ப்பது

ஊவாவில் இருந்துகொண்டு மழைக்குறிப்பு இல்லாமல் இந்தக் கொப்பியை வைத்திருப்பதில் அர்த்தமில்லை. ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றைத் தோள் தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். மேல்துண்டைத் தலைகீழாகப் புனல்போல் உள்ளே செருகுங்கள். அடி மேடுபள்ளமாக இருக்கும். அதைச் சிறு கல்லாலும் தண்ணீராலும் நிரப்பி, பக்கச்சுவர் நேராகத் தொடங்கும் இடத்தில் பூச்சியக் கோடு போடுங்கள். அங்கிருந்து அடிமட்டத்தை ஒட்டுங்கள். மரமும் கூரையும் மறைக்காத வெளியில் வையுங்கள். வாயும் சுவரும் ஒரே அகலமாக இருந்தால், போத்தல் பெரிதோ சிறிதோ, உயர்ந்த நீரின் மில்லிமீற்றர்தான் மழையின் அளவு. ஒரு மில்லிமீற்றர் என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர் விழுந்திருக்கிறது. காலை 8.30 க்குப் பார்த்து எழுதி, கொட்டிவிட்டு, பூச்சியக் கோடுவரை மறுபடி நிரப்பி வையுங்கள்.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மண்சரிவு ஆபத்துள்ள பகுதிகளில், 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்கச் சொல்கிறது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். வானொலியில் வாசிக்கும் அந்த எண் என்ன என்பது போத்தலில் பார்த்துப் பழகியவருக்கு உடனே புரியும்.

எண்ணோடு கண்ணும் வேண்டும். மண்சரிவுக்கு முன் நிலம் சில அடையாளங்களைக் காட்டுவது உண்டு. தரையிலும் சுவரிலும் புது வெடிப்பு, நேராக நின்ற மரமோ மின்கம்பமோ சாய்வது, இல்லாத இடத்தில் புது ஊற்று, இருந்த ஊற்று திடீரென்று வற்றுவது, தெளிந்து வந்த பீலித் தண்ணீர் கலங்குவது. எல்லாம் "மாற்றம்" என்ற ஒரே வகைதான். முன்பு எப்படி இருந்தது என்று எழுதி, வரைந்து வைத்தவருக்கே மாற்றம் தெரியும். வெடிப்பு ஒன்றைக் கண்டால் நீளம், அகலம், திசை போட்டு வரைந்து, தேதியிட்டு, கிராம உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 க்கும் சொல்லலாம். வெடிப்பு அகலமாகிறது என்று வாயால் சொல்வதற்கும், திங்கள் இரண்டு சென்ரிமீற்றர், வியாழன் ஐந்து என்று படத்தோடு காட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அதே நேரம், வெளியேறச் சொன்னால் கொப்பியைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. முதலில் வெளியேறுங்கள்.

இரண்டாம் ஆண்டு

முதல் ஆண்டுக் கொப்பி சுவாரசியமாக இருக்கும். பயன் இரண்டாம் ஆண்டில்தான் தொடங்கும். வாலாட்டி போன வருடம் எப்போது வந்தது, இந்த வருடம் எப்போது? ஈசல் எத்தனை நாள் பிந்தியது? ஒரே மரத்தின் பூ இரண்டு வாரம் முந்திவிட்டால் அது அந்த மரத்தின் குணமா, மழையின் குணமா? இரண்டு ஆண்டு போதாது, இன்னும் பார்க்க வேண்டும் என்று தோன்றும். அப்படித் தோன்றினால் சரியான வழியில் இருக்கிறீர்கள்.

காலத்தை ஒப்பிடுவதுபோல உயரத்தையும் ஒப்பிடலாம். இந்த வசதி ஊவாக்காரர்களுக்குத் தாராளமாக இருக்கிறது. பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேலே. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஆறரைப் பாகை அளவு குறையும் என்பது பொது விதி. ஆக, இரண்டு ஊருக்கும் ஐந்து பாகை அளவு வித்தியாசம். போதாக்குறைக்கு அப்புத்தளை மலைமுகட்டில் இருப்பதால், தென்மேல் காற்றின் முகில் அங்கே வந்து மோதுவதையும் பார்க்கலாம். அதே நாளில் பதுளையில் வானம் வெளித்திருக்கும். பதுளைப் பிள்ளை ஒன்றும் அப்புத்தளைப் பிள்ளை ஒன்றும் ஒரே பத்து விஷயங்களை, ஒரே கிழமைகளில் குறித்து, தவணை விடுமுறையில் கொப்பிகளை மாற்றிக்கொள்ளட்டும். இரண்டு பேரும் எழுதிய ஜூலை மாதம் ஒன்றுபோல் இருக்காது. யார் தப்பு என்று சண்டை போட இடமில்லை, இரண்டிலும் தேதியும் இடமும் இருக்கின்றன.

கடைக்குப் போய் விலையான சித்திரக் கொப்பி வாங்க வேண்டாம். நாற்பது பக்க அப்பியாசக் கொப்பியும் போதும். மழையில் நனையாமல் இருக்க ஒரு பொலித்தீன் உறை, 2பி பென்சில் ஒன்று, அடிமட்டம். பேனை வேண்டாம், மை கரையும். கிழமைக்கு இரண்டு நாள், கால் மணி நேரம், ஒரே இடம். ஓராண்டு தாண்டியதும், வருடாவருடம் வரும் பருவப்பெயர்ச்சிக் கேள்விக்குப் பிள்ளைகள் பரீட்சைத் தாளில் புத்தகப் பதிலையே எழுதட்டும், புள்ளி முக்கியம். அதற்கப்புறம் வகுப்பில் கையை உயர்த்தி, "சேர், எங்க தோட்டத்துல ஜூலையில மழை இல்ல. ஏன்னு தெரியும், எவ்வளவு இல்லன்னும் எழுதி வச்சிருக்கேன்" என்று சொல்லட்டும்.